பாரிஸில் நல்ல ஒயினுக்கும் நல்ல சாப்பாட்டுக்கும் எங்கே போவது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து அக்டோபர் மாதம் மனைவியுடன் வருகிறீர்கள். நான்கு இரவுகள் பாரிஸில் தங்குகிறீர்கள். ஒயினைப் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் நல்ல ஒயின் எப்படி இருக்கும் என்பதை நல்ல சாப்பாட்டோடு ஒருமுறையாவது அறிந்துகொள்ள விரும்புகிறீர்கள். உங்கள் மனைவி பாலும் முட்டையும் சாப்பிடுவார், இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டார். ஏமாந்துவிடாமல் எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த நகரத்து உணவகங்களில் தட்டுக் கழுவுவதில் தொடங்கி, பரிமாறுபவனாகி, இப்போது ஒயினுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த அனுபவத்திலிருந்து ஒரே வரியில் சொல்வதென்றால், அந்த ஒயினைத் தேடிப் பிடித்து வாங்கியவர் யாரோ, அவரே உங்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் இடத்துக்குப் போங்கள். ஆற்றைப் பார்த்த மேசையும் வெள்ளை விரிப்பும் இந்த நகரத்தில் நல்ல ஒயினுக்கு அடையாளம் அல்ல.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வந்த முதல் ஆண்டில், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவரை நோத்ர் தாம் பேராலயத்துக்கு அருகே, சேன் நதி தெரியும் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். ஆளுக்கு ஒரு கோப்பை வெள்ளை ஒயின், கோப்பை 14 யூரோ. முகர்ந்தபோது, நறுக்கி வைத்து வெகுநேரம் ஆகிப் பழுப்பேறிய ஆப்பிளின் வாசனை வந்தது. பிரெஞ்சு ஒயின் இப்படித்தான் இருக்கும் போலும் என்று நினைத்துக் குடித்து முடித்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து நானே பரிமாறத் தொடங்கியபோதுதான், அது திறந்து மூன்று நான்கு நாள் ஆகிக் காற்றில் கெட்டுப்போன பாட்டிலின் வாசனை என்று தெரிந்தது. அந்தப் பரிமாறுபவரையும் குறை சொல்ல முடியாது. விநியோகக்காரர் இறக்கிய பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றினாரே ஒழிய, அவர் அதைச் சுவைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஒரு முறை வந்து போகும் பயணிகளை நம்பி நடக்கும் கடைக்கு, நாளைக்கும் நீங்கள் வர வேண்டும் என்ற கவலை இருப்பதில்லை. ஆகவே பேராலயத்தைப் பார்க்கும் இடத்தில் பேராலயத்தைப் பாருங்கள். குடிப்பதற்கு அங்கிருந்து இருபது நிமிடம் தள்ளிப் போங்கள்.

விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எங்கே போவது என்பது பாதி புரிந்துவிடும். பாரிஸ் உணவகங்கள் தாங்கள் வாங்கிய விலையைப் போல் மூன்று, நான்கு மடங்கு வைத்துப் பாட்டிலை விற்பது வழக்கம். 75 சென்டிலிட்டர் பாட்டிலில் 12 சென்டிலிட்டர் அளவில் ஆறு கோப்பை வரும். முதல் கோப்பையிலேயே பாட்டிலின் கொள்முதல் விலையைத் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. இந்தக் கணக்கை உடைத்துக்கொண்டு வந்தவைதான் ‘காவ் ஆ மான்ஜே’ என்று இங்கே அழைக்கப்படும் இடங்கள். ‘காவ்’ என்றால் ஒயின் கடை. சுவர் முழுக்க அடுக்கிய பாட்டில்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை மையால் எழுதிய விலை. அது வீட்டுக்கு எடுத்துப் போகும் விலை. அங்கேயே உட்கார்ந்து குடிப்பதானால், அந்த விலைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட தொகையைத் ‘துருவா து புஷோன்’, அதாவது தக்கை திறப்பதற்கான கட்டணம் என்று சேர்த்துக்கொள்வார்கள். பாட்டில் 15 யூரோவானாலும் 60 யூரோவானாலும் கட்டணம் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், கொஞ்சம் விலையுயர்ந்த பாட்டிலை எடுப்பவருக்கே இதில் ஆதாயம் அதிகம். உணவகத்தில் எட்டாத ஓர் ஒயினை இங்கே நீங்கள் எட்டிப் பிடிக்கலாம்.

இத்தகைய இடங்களில் முன்னோடியாகக் கருதப்படுவது, சேன் மார்த்தன் கால்வாய்க்கு அருகே 10ஆம் வட்டாரத்தில் ரூ து லான்க்ரி தெருவில் உள்ள ‘லு வேர் வோலே’. 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. இப்போது சமையலும் நன்றாக வளர்ந்துவிட்டதால், கடை என்பதைவிட உணவகம் என்றே சொல்லலாம். முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது. 11ஆம் வட்டாரத்தில் ரூ பஸ்ஃப்ருவா தெருவில் உள்ள ‘செப்தீம் லா காவ்’ இதைவிடச் சிறியது. புகழ்பெற்ற ‘செப்தீம்’ உணவகத்தாருடைய ஒயின் கடை. செப்தீமில் மேசை கிடைப்பது மிகக் கடினம். ஆனால் அதே ஆட்கள் தேர்ந்தெடுத்த ஒயினை இங்கே நின்றுகொண்டோ, உயரமான முக்காலியில் உட்கார்ந்தோ, ஒரு தட்டுப் பாலாடைக்கட்டியுடன் குடிக்கலாம். இரவு உணவுக்கு முன் ஒரு மணி நேரம் இங்கே கழிப்பது நல்ல ஏற்பாடு.

இங்கே ஒரு சட்ட விவரத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில் மனம் நோகிறார்கள். ‘குடிக்க மட்டும்தான் வந்தோம்’ என்று சொன்னால் சில இடங்களில் உட்கார விடமாட்டார்கள். அது அவமதிப்பு அல்ல. பிரான்சில் உணவக உரிமம் மட்டுமே வைத்திருப்பவர்கள் மதுவைச் சாப்பாட்டுக்குத் துணையாக மட்டுமே கொடுக்க முடியும். எனவே ஏதாவது ஒரு தட்டு வாங்கும்படி கேட்பார்கள். பழைய கஃபேக்களுக்கும் பார்களுக்கும் வேறு உரிமம். அங்கே வெறும் கோப்பையோடு எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

நான்கு நாளில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்று நீங்கள் சொன்னால், நான் உங்களை அனுப்புவது 12ஆம் வட்டாரத்தில் அலிக்ர் சந்தையை ஒட்டிய ‘லு பாரோன் ரூஜ்’ என்ற இடத்துக்குத்தான். மெட்ரோவில் லெத்ரு ரோலன் நிலையத்தில் இறங்கி ஐந்தாறு நிமிடம் நடந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் போங்கள். சந்தையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம். கீரையும் காளானும் கூவி விற்பார்கள். முனையைத் திரும்பினால் சிவப்பு முகப்புள்ள சிறிய கடை. வாசலில் நிமிர்த்தி வைத்த மரப்பீப்பாய்களே மேசை. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்க்காமல் நேரே மேலே பாருங்கள்: அன்றைக்கு ஊற்றப்படும் ஒயின்கள் அத்தனையும், வெள்ளை, சிவப்பு என்று பிரித்து, விலையுடன் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதியிருக்கும். பெரிய பீப்பாய்களில் குழாய் பொருத்தியிருக்கும். அக்கம்பக்கத்தார் வீட்டிலிருந்து காலி பாட்டிலைக் கொண்டுவந்து, நம் ஊரில் செக்கெண்ணெய் பிடித்துப் போவதைப் போலப் பிடித்துப் போவார்கள். குளிர் தொடங்கும் மாதங்களில் வார இறுதிகளில் வாசலிலேயே ஒருவர் சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார். இடது கையில் தடித்த துணி, வலது கையில் குட்டையான கத்தி. கீல் போன்ற இணைப்பில் கத்தி முனையைச் செருகி மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினால் சிப்பி வாய் திறக்கும். அதை எலுமிச்சைச் சாறுடன் உறிஞ்சி, வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடித்து, லுவார் நதி கடலில் கலக்கும் பக்கத்திலிருந்து வரும் ‘முஸ்கதே’ என்ற வெள்ளை ஒயினைக் குடிக்க வேண்டும். முஸ்கதே விலை குறைந்த ஒயின், வாசனையும் அடக்கமானது. ஆனால் அதன் புளிப்பும் லேசான உப்புத்தன்மையும் சிப்பியின் கடல்நீரோடு சேரும்போது, இரண்டும் தனித்தனியாக இருந்ததைவிட வேறொன்றாகிவிடும். ஒயினும் உணவும் சேர்வது என்றால் என்ன என்று எவ்வளவு எழுதினாலும் புரியாதது அந்த ஒரு வாயில் புரிந்துவிடும். மனைவிக்குச் சிப்பி வேண்டாம் என்பதால், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டித் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் லுவார் பள்ளத்தாக்கு வெள்ளை ஒயின் பிரமாதமாகப் பொருந்தும்.

‘நமக்கு இதெல்லாம் தெரியாதே’ என்ற கூச்சத்தோடு வருபவர்களுக்கு நான் வழக்கமாக ஒரு வரலாற்றைச் சொல்வேன். 1980இல் மார்க் வில்லியம்சன் என்ற ஆங்கிலேயர், பலே ரொயால் தோட்டத்துக்குப் பின்புறம் ரூ தே பெத்தி ஷான் தெருவில் ‘வில்லீஸ் ஒயின் பார்’ என்ற இடத்தைத் தொடங்கினார். கௌரவமான ஒயின் என்றால் போர்தோ அல்லது பூர்கோஞ் பகுதியுடையது என்று பாரிஸ் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தெற்கே ரோன் பள்ளத்தாக்கின் ஒயின்களைக் கோப்பைக் கணக்கில் ஊற்றிக் கொடுத்தவர் அவர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1976 மே 24ஆம் தேதி, பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற இன்னொரு ஆங்கிலேயர், பிரெஞ்சு நடுவர்களிடம் பெயரை மறைத்துப் பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னியா ஒயின்களையும் கொடுத்தார். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிஃபோர்னியாவே முதலிடம் பெற்றது. இந்த நகரத்துக்கு ஒயினைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்களில் வெளியூர்க்காரர்கள் பலர் உண்டு. ஆகையால் சென்னையிலிருந்து வருபவர் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. வில்லீஸில் மதியச் சாப்பாடு இன்றும் நான் மனமாரப் பரிந்துரைப்பது; ஆண்டுதோறும் ஓர் ஓவியரிடம் வரையச் சொல்லி வாங்கிய சுவரொட்டிகள் சுவரெங்கும் தொங்குவதையும் பார்க்கலாம்.

மதியம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பாரிஸில் நல்ல சமையலை மலிவாகச் சாப்பிடும் நேரம் மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரைதான். அதே சமையல்காரர், அதே அடுப்பு. ஆனால் முதல் தட்டும் முக்கியத் தட்டும், அல்லது முக்கியத் தட்டும் இனிப்பும் சேர்த்து ‘ஃபொர்முல்’ என்ற பெயரில் ஒரு நிலையான விலைக்குக் கொடுப்பார்கள். இரவில் அதே அளவு சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். இரண்டு மணிக்கு மேல் சமையலறை மூடிவிடும்; இரவு ஏழரைக்குத்தான் மறுபடி திறக்கும். ஞாயிறும் திங்களும் நல்ல உணவகங்களில் பாதி மூடியிருக்கும் என்பதால், உங்கள் நான்கு இரவுகளில் அவை வந்தால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். பட்டியலில் போட்டிருக்கும் விலையில் வரியும் பரிமாறும் கட்டணமும் சேர்ந்தே இருக்கும். மனம் மகிழ்ந்தால் இரண்டு மூன்று யூரோ மேசையில் வைக்கலாம், கட்டாயமில்லை. ரொட்டிக்குத் தனிக் காசு கிடையாது. தண்ணீருக்கும் கிடையாது, ஆனால் ‘கராஃப் தோ’ என்று கேட்க வேண்டும். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் விலையுள்ள பாட்டில் வந்துவிடும்.

உங்கள் மனைவியின் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவக்காரர்கள் இந்த நகரத்தில் ஏமாறுவது வேண்டுமென்றே செய்யும் தவறால் அல்ல, சொல்லின் பொருள் மாறிப்போவதால். ‘வெஜித்தேரியன்’ என்று சொன்னால் மீன் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘நி வியாந்த், நி புவாசோன்’, அதாவது இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். வெங்காய சூப் பார்ப்பதற்குச் சைவமாகத் தெரியும். ஆனால் மரபான செய்முறையில் அது மாட்டெலும்புச் சாறில் கொதித்தது. கோந்தே போன்ற மரபான பாலாடைக்கட்டிகளில் பாலை உறைய வைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளையே சேர்க்கிறார்கள். இது அவருக்குப் பொருட்டா இல்லையா என்பதை அவரே முடிவு செய்யட்டும், தெரியாமல் சாப்பிட்டதாக இருக்கக் கூடாது. ஒயினிலும் இந்தச் சிக்கல் உண்டு. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவோ, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையோ பயன்படுத்துவது பழைய வழக்கம். இப்போது களிமண்ணால் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலே விடுபவர்களும் நிறைய இருக்கிறார்கள். கேட்டால் நல்ல கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார்.

அதே சமயம் அக்டோபர் அவருக்கு மிக நல்ல மாதம். ‘செப்’ என்னும் தடித்த தண்டுடைய காட்டுக் காளான் சந்தைக்கு வந்திருக்கும். பூண்டும் கொத்தமல்லியைப் போன்ற பார்ஸ்லித் தழையும் போட்டு வெண்ணெயில் வதக்கி, மேலே ஒரு முட்டை மஞ்சள்கருவை வைத்துக் கொடுப்பார்கள். வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக்ஸ் தண்டை வேகவைத்துக் கடுகுக் குழம்பில் ஊறவைத்த தட்டும், மயோனேஸ் முட்டையும் பிஸ்ட்ரோ என்னும் எந்தப் பழைய சிறு உணவகத்திலும் கிடைக்கும். ‘மோந்தோர்’ என்ற பாலாடைக்கட்டி செப்டம்பர் 10ஆம் தேதியிலிருந்து மே 10ஆம் தேதி வரைதான் விற்பனைக்கு வரும். மரப்பட்டை சுற்றிய வட்டப் பெட்டியோடு அடுப்பில் சூடாக்கி, கரண்டியால் அள்ளி உருளைக்கிழங்கின் மேல் ஊற்றிச் சாப்பிட வேண்டும். அதோடு அதே ஜூரா மலைப்பகுதியின் வெள்ளை ஒயினைக் கேளுங்கள். அங்கே ‘வன் ஜோன்’ என்ற மஞ்சள் ஒயின் ஒன்று உண்டு. பீப்பாயை மேலே நிரப்பாமல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் விட்டு, 62 சென்டிலிட்டர் கொள்ளும் தனிவகைப் பாட்டிலில் அடைப்பார்கள். வாதுமைக்கொட்டையும் வறுத்த வெந்தயமும் சேர்ந்தாற்போன்ற வாசனை. முதல் முறை குடிப்பவர் முகம் சுளிப்பார், நானும் சுளித்தேன். இன்று எனக்கு இதைவிட விருப்பமான ஒயின் கிடையாது. ஒரு கோப்பை மட்டும் வாங்கி இருவரும் பகிர்ந்து பாருங்கள்.

பணம் ஒரு தடையில்லை என்றால், காய்கறிகளுக்காகவே போக வேண்டிய இடம் 7ஆம் வட்டாரத்தில் ஆலன் பசார் நடத்தும் ‘அர்பேஜ்’. உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லன் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரம் 1996 முதல் அதற்கு உண்டு. 2001இலேயே மாடு, ஆடு போன்ற சிவப்பிறைச்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் தன் தோட்டத்துக் காய்கறிகளை நடுத்தட்டுக்குக் கொண்டுவந்தார். 2025இல் தேனைத் தவிர விலங்குப் பொருள் எதுவுமே இல்லாத சமையலுக்கு மாறிவிட்டார். தலைக்குப் பல நூறு யூரோ ஆகும். வாழ்நாளில் ஒருமுறை என்று முடிவு செய்தால் அந்தச் செலவு வீண் அல்ல என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி, எப்படிக் கேட்பது. பிரெஞ்சு ஒயின் பட்டியலைப் பார்த்து மிரளக் காரணம், அதில் பெரும்பாலும் திராட்சை வகையின் பெயர் இருக்காது, ஊரின் பெயர்தான் இருக்கும். 1935இல் வந்த பிறப்பிட முறைப்படி, எந்த ஊர் மண்ணில் எந்தத் திராட்சை, எப்படி என்பதெல்லாம் விதிக்கப்பட்டிருக்கிறது. ‘ஷினோன்’ என்றால் கபர்னே ஃபிரான், ‘மோர்கோன்’ என்றால் கமே, ‘வூவ்ரே’ என்றால் ஷெனன். மதுரை மல்லி, திண்டுக்கல் பூட்டு என்று நாம் ஊரைச் சொல்லியே தரத்தைச் சொல்வதை நினைத்துக்கொண்டால் இது எளிதாகும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்குப் பிடித்ததை உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள்: துவர்ப்பு அதிகம் வேண்டாம், பழச்சுவை வேண்டும், இனிப்பு வேண்டாம், இந்தத் தட்டோடு குடிக்கப் போகிறோம். பிறகு பட்டியலில் உங்களால் கொடுக்க முடிந்த ஒரு விலையின் மேல் விரலை வைத்து, ‘இதைப் போல ஒன்று’ என்று சொல்லுங்கள். என் மேசைகளில் இப்படி விரல் வைத்துக் காட்டும் விருந்தினரை நான் மிகவும் மதிக்கிறேன். அவருக்காக அலமாரியின் பின்வரிசை வரை தேடுவேன். சிவப்பில் தொடங்குபவர்களுக்கு மோர்கோன், ஃப்ளூரி போன்ற போஜொலே பகுதி ஊர்களின் ஒயின் மிகப் பொருத்தம். அதைச் சற்றுக் குளிர்ச்சியாகவே கொடுப்பார்கள், அதுதான் முறை.

பாட்டில் வந்ததும் பரிமாறுபவர் அதன் முகச்சீட்டைக் காட்டுவார். பெயரும் ஆண்டும் நீங்கள் கேட்டவைதானா என்று பாருங்கள். பிறகு கோப்பையில் இரண்டு மிடறு ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். பிடித்திருக்கிறதா என்பது அவருடைய கேள்வி அல்ல. கெட்டிருக்கிறதா என்பதே கேள்வி. கோப்பையைச் சுழற்றி முகருங்கள். மழையில் நனைந்து உலராத அட்டைப்பெட்டியின் வாசனை, பூட்டியே கிடந்த அறையின் ஈரப் புழுக்கம், இப்படி ஏதாவது வந்தால் தக்கையில் உண்டான ஒரு வேதிப்பொருள் ஒயினைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். ‘புஷோனே’ என்ற ஒரே சொல் போதும். நல்ல பரிமாறுபவர் தானும் முகர்ந்து பார்த்து, மறு பேச்சில்லாமல் வேறு பாட்டில் கொண்டுவருவார். அதற்குக் காசு கேட்க மாட்டார். சந்தேகமாக இருந்தாலும் ‘நீங்கள் ஒருமுறை பாருங்கள்’ என்று கோப்பையை நீட்டலாம். அன்றைக்கு அந்த ஆற்றங்கரைக் கடையில் எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த ஆப்பிள் வாசனையைக் குடித்திருக்க மாட்டேன்.

நான் சொன்ன புதிய கடைகளில் பெரும்பாலும் ‘வன் நத்யூர்’, அதாவது இயற்கை ஒயினே அதிகம் இருக்கும்: செயற்கை மருந்தடிக்காத திராட்சை, வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை, கந்தகம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ. நன்றாக அமைந்தால் இதைப் போன்ற உயிரோட்டமுள்ள ஒயின் இல்லை. அமையாவிட்டால் புளித்த மாவின் வாசனையோடு வரும். அதையும் ஒரு பாணி என்று சொல்லித் தள்ளிவிடும் கடைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் நாளே இதில் இறங்க வேண்டாம். இறங்கினால், ‘சுத்தமாக இருக்கட்டும்’ என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிய இடங்களில் ஒயினுக்காகவே பெயர் பெற்றது ‘லா தூர் தார்ஜான்’. அதன் நிலவறையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் இருக்கின்றன. மேசைக்கு வரும் ஒயின் பட்டியல் எட்டுக் கிலோ எடையுள்ள புத்தகம். 1940இல் ஜெர்மானியப் படை நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த கிளோத் தெராய், மிகச் சிறந்த பாட்டில்களை மறைத்து நிலவறையில் சுவர் எழுப்பிவிட்டார். ஆற்றைப் பார்த்த மேசையும் நல்ல ஒயினும் ஒன்றாகக் கிடைக்கும் அரிதான இடம் இது. ஆனால் விலையும் அதற்குத் தக்கதே, அந்த உணவகத்தின் பெருமையோ 1890இலிருந்து எண் போட்டுப் பரிமாறும் வாத்து. உங்கள் இருவருக்கும் இந்த முறை இது தேவையில்லை என்பது என் கருத்து.

எதிர்முனையில், 1896இல் தொடங்கிய ‘புயோன் ஷார்தியே’. வரிசையில் நின்று, தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொண்டு, காகித விரிப்பின் மேலேயே பரிமாறுபவர் கணக்கெழுதிக் கூட்டுவதைப் பார்க்கலாம். கூடத்தின் அழகுக்காகவும் மலிவுக்காகவும் போங்கள், ஒயின் சுமார்தான். பெர்சியில் பழைய ஒயின் கிடங்குகளைக் கடைத்தெருவாக்கியிருக்கிறார்கள். 1860 வரை நகர எல்லைக்கு வெளியே இருந்ததால் நகர வரி இல்லாமல் அங்கே பூர்கோஞ்சிலிருந்து படகில் பீப்பாய்கள் வந்திறங்கின. தரையில் தண்டவாளம் இன்னும் தெரியும். நடந்து பார்க்க நல்ல இடம், குடிக்க அல்ல. நீங்கள் வரும் மாதத்திலேயே மோன்மார்த்ர் குன்றில் அறுவடைத் திருவிழா நடக்கும். 1933இல் நட்ட சிறிய திராட்சைத் தோட்டம் ஒன்று வீடுகளுக்கு நடுவே இன்றும் இருக்கிறது.

நான்காவது நாள் நாக்கு காரத்துக்கு ஏங்கும். கார் து நோர் நிலையத்துக்குப் பின்புறம் லா ஷப்பல் பகுதிக்குப் போனால் ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒயின் தேட வேண்டாம். தங்குமிடத்தில் அடுப்படி இருந்தால், இடியாப்பமும் சொதியும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டி வாங்கிப் போய், லேசான இனிப்புள்ள வூவ்ரே வெள்ளை ஒயின் ஒன்றைத் திறந்து பாருங்கள். கடைக்காரரிடம் ‘தெமி செக்’ என்று கேட்க வேண்டும். துவர்ப்பான சிவப்பும் அதிக ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். சிறிது இனிப்பும் நல்ல புளிப்பும் அதைத் தணிக்கும். பாரிஸ் சமையலறைகளில் பல பத்தாண்டுகளாக உழைத்துவரும் நம்மவர்கள் இப்போது முன்வாசலுக்கும் வந்துவிட்டார்கள். 2023இல் பாரிஸ் நகரத்தின் சிறந்த பகேத் ரொட்டிக்கான பரிசை வென்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. பரிசின்படி ஓராண்டு முழுவதும் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுத்தார். 20ஆம் வட்டாரத்தில் ரூ தே பிரெனே தெருவில் உள்ள அவருடைய கடை ரொட்டியோடு நீங்கள் வாங்கிய பாலாடைக்கட்டியைச் சாப்பிடுங்கள். எனக்கு அந்த ரொட்டியைக் கையில் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், விவியன் கலரிக்குள் இருக்கும் ‘லெக்ரான்’ கடைக்கோ, 1850 முதல் ஓஸ்மான் பெருஞ்சாலையில் இருக்கும் ‘ஓஜே’ கடைக்கோ போங்கள். இந்தியச் சுங்க விதிப்படி ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்பதால், இருவருக்குமாக நான்கு பாட்டில். விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது. துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் போட வேண்டும். சென்னை வெப்பத்தில் வைக்கப்போகிறோம் என்று கடைக்காரரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அதற்கேற்பத் தருவார். வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் படுக்க வைத்து, பொங்கலுக்குள் திறந்துவிடுங்கள்.